நூறு காதுகள்

எங்கள் வானொலி நிலையத்துக்குச் சட்டப்படி ஒரே ஒரு வேலைதான். எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்வது.

சிரிக்காதீர்கள். இதற்கு உரிமம், அரக்கு முத்திரை, ஆண்டுக்கு இரண்டு முறை தணிக்கை எல்லாம் உண்டு. சமூக வானொலிகள் செய்தி சொல்லக்கூடாது என்பது பழைய விதி. சாமை விதைப்பதைப் பற்றிப் பேசலாம், கும்மிப் பாட்டுப் போடலாம், செய்தி மட்டும் வாயில் வரக்கூடாது. செய்தி என்றால் என்ன என்று யாரும் சொல்லாத வரைக்கும் நாங்களும் அப்படி இப்படி என்று வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தோம். "நாளைக்குக் கரண்ட் இருக்காது" என்பது செய்தியா, சமூக சேவையா? இந்தக் கேள்வி எட்டு வருடம் கோர்ட்டில் இழுபட்டு, கடைசியில் 2043இல் ஒரு வரையறை பிறந்தது: கேட்பவருக்குப் புதிதாக இருப்பது எதுவோ அதுவே செய்தி.

வரையறை பிறந்த ஆறாம் மாதம் பெட்டி வந்தது. ஈரோட்டுக்குத் தெற்கே, சாயப்பட்டறையை நம்பிப் பிழைக்கும் நொச்சிவலசுக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர் ஆல்பர்ட் தினகரன். ஒலிபரப்பு ஒழுங்கு ஆணையத்தின் கள அதிகாரி. வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஒலிபரப்பு அறைக்குள் நுழைந்தார். அந்த மரியாதையைப் பார்த்தே ஏதோ வில்லங்கம் என்று தெரிந்துவிட்டது.

நான் ராக்கியண்ணன். நிலையப் பொறுப்பாளன். அதற்கு முன்னால் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக்செட் போட்டவன். என்னுடன் இருந்தது பூங்கோதை, எங்கள் அறிவிப்பாளர். முப்பத்தைந்து வயது, ஒரு மகள், ஊரையே கட்டிப்போடும் குரல்.

"புதுசா பழசான்னு இது எப்பிடிங்க சார் கண்டுபுடிக்கும்?" என்று கேட்டேன்.

"உங்க ஊர்ல எல்லார் காதுலயும் செவித்தோழன் இருக்குல்ல?"

இருந்தது. அரசு இலவசமாகக் கொடுத்த வானொலி அது. காதுக்குள் செருகிக்கொள்ள வேண்டியதுதான். பாட்டு, போன், டிவி சத்தம் எல்லாம் அதன் வழியாகவே வரும். ஊரில் அதற்குப் பெயர் பொத்தான்.

"புதுசா ஒண்ணைக் கேட்டா மூளை லேசா ஒரு துள்ளு துள்ளும். நமக்கே தெரியாது, பொத்தானுக்குத் தெரியும். நீங்க பேசறது இனிமே அரை நிமிஷம் தாமதமாத்தான் ஊருக்குப் போகும். அதுக்கு முன்னாடி நூறு பேர் காதுக்கு மட்டும் போகும். குலுக்கல்ல எடுக்கற நூறு. இந்த அறையில இருக்கறவங்க எப்பவும் அதுல சேர்த்தி. நூறுல பத்துக்கு மேல துள்ளினா சிவப்பு விளக்கு. வாக்கியம் வெட்டு. அந்த இடத்துல ஊருக்குப் புல்லாங்குழல் போகும்."

"அந்த நூறு பேருக்குச் சேதி தெரிஞ்சுருமேங்க?"

"அது கசிவு. கசிவு ஒலிபரப்பு ஆகாது. விதி நாலு, உட்பிரிவு ஆ."

பூங்கோதை மெதுவாகக் கேட்டாள். "பயந்தாலும் துள்ளுமுங்களே சார்?"

"பயம், கோபம், வெட்கம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு துள்ளல் இருக்கும்மா. பெட்டி பிரிச்சுப் பார்த்துடும். தெரிஞ்சதா தெரியாததா, அவ்வளவுதான் அதுக்கு வேணும். உண்மையா பொய்யான்னு கேக்காது. உண்மையைப் பத்தி ஆணையத்துக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கேலி இல்லை. நல்ல மனிதர். மோர் குடித்துவிட்டுப் போனார்.

முதல் வாரம் நாங்கள் பட்ட பாடு எதிரிக்குக்கூட வரக்கூடாது. மஞ்சளுக்கு வேர்ப்புழு வந்தால் என்ன செய்வது என்று வேளாண் அலுவலர் பேச வந்தார். இருபது நிமிடம் குழல் வாசித்தது. கொள்ளுப் பருப்பு கடைவது எப்படி என்பது முழுசாகப் போனது. கடைசியில் ஒரு கல் கருப்பட்டி போடச் சொன்ன இடத்தில் மட்டும் வெட்டு. இரண்டாம் வாரம் நாங்கள் தேறிவிட்டோம். மாரியம்மன் கோயில் கிழக்கே பார்த்து இருக்கிறது. வெயில் காலத்தில் கிணறு வற்றும். மருமகள்களுக்கு மாமியார்களைப் பிடிப்பதில்லை. எல்லாம் பச்சை. இதைக் கேட்பதற்கு ஆள் இருக்காது என்று நினைத்தேன். நேயர்கள் இரண்டு மடங்கானார்கள். தங்களுக்குத் தெரிந்ததை வானொலியும் சொல்கிறது என்பதில் ஊருக்கு அத்தனை சந்தோஷம்.

பூங்கோதை தன் அந்தி நேர நிகழ்ச்சியை எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பாள். "என்ற ஊட்டுக்காரரு நாச்சிமுத்து, நாலு வருசத்துக்கு முன்னால ஆயுத பூசைக்கு மொதல் நாள் சாயப்பட்டறை வேலைக்குப் போனவரு, வரலை. ஆராச்சும் பார்த்திருந்தா சொல்லுங்க." அவள் கணவன் நாச்சிமுத்து சூரத்துக்கு ஓடிவிட்டான், கூட ஒருத்தியும் போயிருக்கிறாள் என்று ஊரே அவளிடம் சொல்லியிருந்தது. போலீசும் அதையே எழுதி வைத்துக்கொண்டது. அவள் நெற்றிப்பொட்டை அழிக்கவும் இல்லை, தேடுவதை விடவும் இல்லை. அந்த அறிவிப்பு நான்கு வருடத்தில் ஊருக்கு மனப்பாடம் ஆகியிருந்ததால் பெட்டி அதைத் தொடவே இல்லை. புதுமை எண் பூஜ்யம்.

மூன்றாம் வாரம் அவள் பாயசம் செய்யச் சொல்லிக்கொடுத்தபோது வாய் தவறிவிட்டது. "ரேசன் சக்கரையா இருந்தா, ஒரு கிலோன்னு வாங்குனதுல எண்ணூறு கிராம்தான் இருக்கும். பார்த்துப் போட்டுக்குங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நானும் குழலுக்குக் காத்திருந்தேன். பச்சை எரிந்தது. புதுமை எண் மூன்று.

மறுநாள் ரேஷன் கடையில் ஒரு கிலோவுக்கு ஆயிரத்துப் பத்து கிராம் விழுந்தது. கடைக்காரருக்குத் திடீரென்று கைகூசிவிட்டதாம். யோசித்துப் பாருங்கள், அதற்கு முந்தின நாளும் எல்லோருக்கும் தெரியும். அவரவர் வீட்டில் அவரவர் திட்டிக்கொண்டிருந்தோம். மற்றவர்களுக்கும் தெரியும் என்பது அரசாங்கத்தின் பெட்டியே சொன்ன பிறகுதான் உறைத்தது.

ஊர் இதைக் கப்பென்று பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் கல்யாணம் காட்சி என்றால் கோயிலில் பூக் கேட்பார்கள். சாமி முன்னால் இரண்டு பொட்டலம் வைத்து, வெள்ளைப் பூ வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். அதே பழக்கத்தில் பெட்டியிடமும் கேட்க ஆரம்பித்தார்கள். சீட்டில் எழுதி மடித்துப் பூங்கோதையிடம் கொடுப்பார்கள். அவள் சமையலுக்கு நடுவிலோ பாட்டுக்கு நடுவிலோ அதை நுழைத்துச் சொல்வாள். "கவுன்சிலரு போட்ட ரோட்டுக்கு அடியில ஜல்லியே இல்லீங்க." எண் நான்கு. "சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணிய விடியக்காலம் வாய்க்கால்ல தொறந்து விடறாங்க." எண் இரண்டு.

பெட்டி ஒவ்வொன்றுக்கும் அச்சடித்த துண்டு கொடுக்கும், ஆணையத்தின் முத்திரையோடு. அதை எடுத்துக்கொண்டு போனால் அதிகாரிகளுக்கு "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல வழி இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்குத் தெரிந்தது கலெக்டருக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா? வாய்க்காலில் இருந்த குழாயை மூடினார்கள். மூன்று வாரம் கழித்து அரை மைல் தள்ளித் திறந்தார்கள் என்பது வேறு கதை.

சாயப்பட்டறை முதலாளி திருமூர்த்தி ஒருநாள் மதியம் நிலையத்துக்கே வந்தார். வாழைப்பழச் சீப்பும் மிக்சரும் கொண்டுவந்திருந்தார்.

"ராக்கி, பெட்டி நல்ல பெட்டிடா. நான் ஒண்ணும் கோவிச்சுக்கல. ஆனா எல்லாத்தையும் அதுகிட்டக் கேக்கோணும்னு இல்ல" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பூங்கோதை சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தப் புள்ளைக்கு வேலை போட்டுக் குடுன்னு நான்தான் உன்கிட்டச் சொன்னேன். ஞாபகம் இருக்குதில்ல?"

"இருக்குதுங்க."

"டவரும் நான் குடுத்ததுதான்."

அதுவும் ஞாபகம் இருந்தது. நான் மிக்சரை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அந்தி நேரத்தின் முடிவில் பூங்கோதை அறிவிப்பை மாற்றினாள். "என்ற ஊட்டுக்காரரு நாச்சிமுத்து சூரத்துல இருக்காரு" என்றாள்.

சிவப்பு. எண் தொண்ணூற்று நான்கு. ஊர் முழுக்கக் குழல்.

செவ்வாய்க்கிழமை, "நாச்சிமுத்து இன்னொருத்தியக் கூட்டிக்கிட்டு ஓடிப்போனாரு." தொண்ணூற்றைந்து. புதன்கிழமை, "நாச்சிமுத்து எங்கியோ உசுரோட இருக்காரு." தொண்ணூற்றாறு.

நான் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு உள்ளே போனேன். "போதும் அம்மிணி. பெட்டி அதுக்கு வந்ததில்ல. தணிக்கைல கேப்பாங்க."

அவள் மூன்று அச்சுத் துண்டுகளையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள். "ஏனுங்ண்ணா, அவரு ஓடிப்போனாருங்கிறது நூத்துல தொண்ணூத்தஞ்சு பேருக்குப் புதுசாமா. என்ற மூஞ்சிக்கு நேரா அதைச் சொன்னவங்களே ஐநூறு பேரு இருப்பாங்க. நீங்களும் சொன்னீங்க. சொன்னவங்களுக்கே அது எப்பிடிங்ண்ணா புதுசாச்சு?"

மனசுக்குத் தெரிந்தது வேறு என்றால், நூறு தடவை சொன்ன பொய்கூடக் காதுக்குப் புதிதுதான். வேலை கொடுத்த அன்றே அவளிடம் நானும் சூரத்தைச் சொன்னவன்தான். பொய்யைச் சொல்லும்போது யாரும் காதுக்குப் பின்னால் துள்ளலைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்துவிட்டார்கள்.

"எதுக்கும் நாலு நாள் லீவு எடுத்துக்க" என்றேன். கேவலமான பதில். எனக்கே தெரிந்தது.

அவள் லீவு எடுக்கவில்லை. வியாழக்கிழமை அந்தி நேரத்தில், ராகி அடை செய்வது எப்படி என்று பொறுமையாகச் சொல்லி முடித்தாள். பிறகு மூச்சு எடுத்துக்கொண்டாள். "என்ற ஊட்டுக்காரரு நாச்சிமுத்து, ஆயுத பூசைக்காவ சாயப்பட்டறைத் தொட்டிய சுத்தம் பண்ண எறங்கி, வெசக்காத்து தாக்கிச் செத்துப்போனாரு. பட்டறைக்குப் பின்னால சுண்ணாம்புக் குழியில அவரைப் பொதைச்சுட்டாங்க."

பெட்டி வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கவில்லை. பச்சை எரிந்தது. எண் இரண்டு.

ஊர் முழுக்க, வீட்டில், டீக்கடையில், பட்டறைக்குள்ளேயே, எல்லோர் காதிலும் அந்த வாக்கியம் வெட்டு இல்லாமல் போய்ச் சேர்ந்தது. துள்ளிய அந்த இரண்டு காது, போன மாதம் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த பையன்களுடையதாக இருக்கும்.

"அம்மிணி..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கும் தெரியுமுங்ண்ணா" என்றாள் பூங்கோதை. அழவில்லை. "அவரு செருப்பு பட்டறை வாசல்லயே கெடந்துச்சு. செருப்பு போடாம ஆரு சூரத்துக்குப் போவாங்க? எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சுட்டு இருந்தேன். இத்தனை பேருக்குத் தெரியும்கிறதுதான் தெரியாது." துண்டைக் கிழித்து எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன், வாசலோடு நின்றுகொண்டேன். இன்ஸ்பெக்டர் துண்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாராம். "நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுப் பேருக்குத் தெரியும். சரி. அதுல ஒருத்தர் பேரைச் சொல்லும்மா. பார்த்தேன்னு ஒரு ஆள் வந்து கையெழுத்துப் போடட்டும், இன்னைக்கே குழியத் தோண்டறேன்" என்றாராம். கூடவே, இந்தப் புகாரில் புதிய தகவல் எதுவும் இல்லை என்பதையும் நினைவுபடுத்தினாராம்.

அவள் வெளியே வந்து இதை என்னிடம் ஒப்பித்தாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

ஒரு வாரம் ஆனது. கையெழுத்துப் போட யாரும் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. சீட்டு கொடுக்கவும் யாரும் வரவில்லை. பூங்கோதையைப் பார்த்தால் தெருவில் பெண்கள் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு திரும்பி நடந்தார்கள். நான்கு வருடமாக அவளிடம் அன்பாக இருந்த ஊர்தான். பொய் சொன்னதுகூடப் பாதி அன்பில்தான். மறு பாதி, பட்டறை மூடினால் எண்ணூறு குடும்பம் என்ன செய்யும் என்ற கவலை. இரண்டையும் யாராலும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அதற்கும் ஒரு பெட்டி செய்தால் தேவலை.

பூங்கோதை தினமும் வந்தாள், சமையல் குறிப்பு சொன்னாள், போனாள். அறிவிப்பை நிறுத்திவிட்டாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு காரணம் சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் கேட்காமல் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வைத்ததுதான் என்னைக் கொன்றது.

எட்டாம் நாள் அந்தி நேரம் முடிகிற சமயத்தில் உள்ளே போனேன். "எந்திரி அம்மிணி, நான் கொஞ்சம் பேசோணும்" என்றேன். அவள் எழுந்து சுவரோரம் நின்றாள். மைக்செட் காலத்திலிருந்து ஆயிரம் முறை "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொன்னவன் நான். அன்று அதைக்கூடச் சொல்லாமல் நேராக ஆரம்பித்தேன்.

"ஆயுத பூசைக்கு மொதல் நாள் பட்டறைல மைக்செட் போட்டது நாந்தான். மத்தியானம் தொட்டிப் பக்கமிருந்து கத்துற சத்தம் கேட்டுச்சு. ஓடிப் போய்ப் பார்த்தேன். நாச்சிமுத்து உள்ள கெடந்தான். கை ஆடிக்கிட்டுதான் இருந்துச்சு. மத்தவங்க ஆளுங்களைக் கூப்பிட்டுக் கத்துனாங்க. பாட்டைச் சத்தமா வைடான்னு மொதலாளி சொன்னாரு. திரும்பிப் போய் வெச்சேன்."

நான்கு வருடம் நெஞ்சுக்குள் வைத்திருந்த ரகசியம். என் பெண்டாட்டிக்குக்கூடச் சொன்னதில்லை. ஊருக்கு இது புதிதாகத்தான் இருக்கும், குழல் வாசிக்கும், நான் சொல்லியும் ஆயிற்று, யாருக்கும் தெரியாமலும் ஆயிற்று என்று மனதின் ஒரு மூலையில் கணக்குப் போட்டிருந்தேன். உங்களிடம் மறைத்துப் பயனில்லை, அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

பச்சை எரிந்தது. எண் ஐந்து.

ஊருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு வணக்கம் சொன்னவர்கள், மகள் கல்யாணத்துக்கு வந்து மொய் வைத்தவர்கள், எல்லோருக்கும். பூங்கோதையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இத்தனை நாளும் தெரிந்துகொண்டேதான் எனக்கு டீ வாங்கி வைத்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒலிவாங்கி திறந்திருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

"நாளைக்குக் காத்தால பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேசனுக்குப் போறேன்" என்றேன். "இப்பச் சொன்னதையெல்லாம் ராக்கியண்ணன்னு என்ற பேரு போட்டு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுக்கப் போறேன்."

சிவப்பு எரிந்தது. பொத்தானுக்குள் புல்லாங்குழல் வாசிக்கத் தொடங்கியது. பெட்டி துண்டை அச்சடித்துத் துப்பியது. பூங்கோதை வந்து அதைக் கிழித்து, படித்துவிட்டு என் கையில் கொடுத்தாள்.

புதுமை எண் நூறு. அந்த நூறில் அவள் காதும் ஒன்று, என் காதும் ஒன்று.